பச்சைக் கம்பி

பெட்டிக்குள் இறங்கப் பார்த்த ஈயைச் செலீன் லேஞ்சித் துணியால் விரட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் புருஷனின் தமையன் பற்றிக் அந்தக் கதையை மறுபடியும் தொடங்கினார்.

வத்தளையிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு ஒரு தரம், கடையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தரம், கோயில் சபைக்காரர்களுக்கு ஒரு தரம் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்கு நல்ல மெருகு ஏறியிருந்தது. மழை, வளைவு, எதிரே ஒரு பஸ். "வளைவில கொஞ்சம் ஸ்லோ பண்ணியிருந்தா இண்டைக்கு என்ர தம்பி இருந்திருப்பான்" என்று வரும்போது குரல் உடையும். ஒவ்வொரு தரமும் அதே இடத்தில்தான் உடைந்தது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு உள்ளே வந்து, பெட்டிக்குள் கிடந்த ஹியூபேட்டை ஒரு அவசரக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஹியூபேட்டா அவசரக்காரன்? கலியாணம் கட்டிய நாளிலிருந்து செலீன் அவனோடு போட்ட சண்டைகளில் முக்கால்வாசி அவனுடைய ஆமை நடையைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எல்லாரும் உடுத்தி முடித்து நிற்க, அவன் அப்போதுதான் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்குவான். தெருவில் பிக்கப்பை ஓட்டினால் பின்னால் வருகிற திரீவீல்காரர்கள் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவார்கள். அந்த மனிதன் செத்த பிறகு அவனுக்கு இப்படியொரு வேகம் வந்துவிட்டது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு சொல். 'தம்பி கேட்டவன், நான்தான் போட விடேல்ல.' இதை நாலு பேர் முன்னால் பற்றிக் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், அவள் மற்றதெல்லாவற்றையும் விழுங்கியிருப்பாள். ஹியூபேட் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மாதத்துக்கும் மேலாக அதற்காகக் காத்திருந்தாள். பற்றிக் வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார், ஹோர்லிக்ஸ் கொண்டுவந்தார், நேர்ஸ்மாரோடு சிங்களத்தில் சிரித்துக் கதைத்தார். அந்தச் சொல்லை மட்டும் கொண்டுவரவில்லை.

பற்றிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடை இருந்தது. கடைக்கு ஒரு பிக்கப். செலீனின் மகள் கொன்ஸ்ரன்ஸ் பிறக்கும் முன்பே ஜப்பானிலிருந்து வந்திறங்கிய வண்டி அது. அதன் பின்பெட்டிக்கு மேலே ஆள் உயரத்துக்கு இரும்புக் கூடு அடித்து, கீழே தரை ஓடுகளும் சீமெந்தும், மேலே பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கியும் கதவு நிலையும் என்று ஏற்றக்கூடிய மட்டும் ஏற்றி, ஹியூபேட் வத்தளைக்கும் அதற்கப்பாலும் கொண்டுபோய் இறக்குவான். அண்ணனுடைய கடை, அண்ணனுடைய வண்டி, தம்பி டிரைவர். ஊர்க்கண்ணுக்கு அது ஒற்றுமையான குடும்பம்.

பாரம் ஏறினால் அந்த வண்டி நிலையில் நிற்காது. வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் அப்படியே அமிழ்ந்து, விழப்போகிற ஆளைப்போலச் சரிந்து, பிறகு யோசித்து யோசித்து நிமிரும். இவர்கள் வீடு இருந்த குறுகிய ஒழுங்கை ஜம்பட்டா வீதியில் ஏறுகிற முடக்குத் திருப்பத்தில் ஒரு பலசரக்குக் கடை. ஹியூபேட் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் பாரத்தோடு திரும்பும்போதெல்லாம் இரும்புக்கூட்டின் மேல்மூலை அந்தக் கடைச் சுவரை உரசும். சுவரில் நீளமாக ஒரு கீறல் விழுந்து, அதற்கு மேல் இன்னொன்று விழுந்து, கடைக்காரர் வெள்ளையடிப்பதையே கைவிட்டுவிட்டார். வண்டி வருகிற சத்தம் கேட்டால் அங்கே நிற்பவர்கள் தாமாகவே சுவரை விட்டு ஒதுங்குவார்கள். "ஹெமின், ஹெமின் மல்லி" என்று கடைக்காரர் உள்ளேயிருந்து சிங்களத்தில் கத்துவார். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று ஹியூபேட் கையைக் காட்டுவான்.

இதற்கு மருந்து என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் இராச் சாப்பாட்டின்போது சொன்னான். பின் அச்சுக்குக் குறுக்கே ஒரு கம்பி போடவேண்டும். அதன் இரண்டு முனையையும் மேலே வண்டிச் சட்டத்தோடு, சேசிஸோடு, பிடித்துவிட்டால், வளைவில் ஒரு பக்கம் அமிழப் பார்க்கும்போது மற்றப் பக்கம் விடாது. இந்த வண்டிக்கு அது பின்னால் இல்லாமலே வந்துவிட்டது. சொல்லிக்கொண்டே கறித் தட்டத்தை ஒற்றைக் கையால் ஏந்திக் காட்டினான், பிறகு இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான். முதலில் காட்டியதிலேயே குழம்பு மேசையில் சிந்தி, செலீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பற்றிக்கிடம் கேட்டபோது அவர் ஒரே போடாகப் போட்டார். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோய், பழைய வண்டியெல்லாம் தங்க விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கம்பியைப் பிடிக்கச் சேசிஸில் துளை போடவேண்டும். துளை போட்ட சேசிஸ் என்றால் வாங்க வருகிறவன் முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பான், என்னுடைய வண்டியில் ஓட்டை போட விடமாட்டேன், வளைவில் ஸ்லோ பண்ணு, அதற்குக் காசு செலவில்லை என்றார்.

வேறொருவன் என்றால் வண்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பான். ஹியூபேட்டால் முடியவில்லை. அண்ணன் வண்டியை ஓட்டமாட்டேன் என்று தம்பி எப்படிச் சொல்வது? செலீன் சண்டை பிடித்தாள். "நீங்க போடாட்டி ஓடமாட்டன் எண்டு சொல்லுங்க" என்றாள். அவன் அடுத்த கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போய், பழைய வண்டிச் சாமான் விற்கிற ஷிப்லியிடம் அந்தக் கம்பியைத் தன் காசில் வாங்கிக்கொண்டு வந்தான். பெரிய 'ப'னாவைப் போல வளைந்த தடித்த கம்பி. அண்ணன் ஒருநாள் நல்ல மனநிலையில் இருக்கும்போது மறுபடி கேட்கலாம் என்பது அவனுடைய திட்டம். அதுவரை துருப்பிடிக்காமலிருக்க, வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ரை அதற்கு அடித்து, காயவைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

தம்பி கம்பியை வாங்கி வைத்திருக்கிறான் என்று தெரிந்தும் அண்ணனுக்கு அந்த நல்ல மனநிலை வரவேயில்லை. செலீன் ஒவ்வொரு நாளும் கம்பியைச் சுற்றிக் கூட்டினாள். கால்விரலை அதில் இடித்துக்கொண்டு அண்ணனையும் தம்பியையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு ஒரு மழை நாளில், வத்தளையில் கால்வாய்க்கரை வளைவில், வண்டி ஒரு பக்கம் சரிந்தது. நிமிரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சு முழுக்கக் கட்டோடு கிடந்தபோதும் அவன் அதைத்தான் கேட்டான். கம்பி இருக்கிற பக்கம் மழைத் தண்ணி வராமல் பார்த்துக்கொள் என்றான். எழும்பினதும் இந்தமுறை அண்ணனிடம் கேட்காமலே போட்டுவிடப் போகிறேன் என்றும் சொன்னான். அவன் வாழ்க்கையில் அண்ணனுக்கு எதிராக எடுத்த முதலாவது முடிவு அது. அதற்குப் பிறகு காய்ச்சல் பிடித்தது. அவன் எழும்பவில்லை.

இப்போது பெட்டிக்குள் கிடந்தான். கலியாணத்துக்குத் தைத்த கோட்டை, உடலைத் தயார்செய்த மலர்ச்சாலைக்காரர்கள் முதுகுப் பக்கம் வெட்டி அவனுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

மத்தியானத்துக்குப் பிறகு பற்றிக் உள்ளே வந்தார். பெட்டியின் கால்மாட்டில் நின்று, கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"செலீன், நான் ஒண்டு யோசிச்சனான். மலர்ச்சாலை வண்டி வேண்டாம். தம்பி ஓடின வண்டியிலேயே அவனைக் கொண்டுபோவம். திருத்தி எடுத்திட்டன். சோடிச்சுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறன்."

பெண்கள் மத்தியில் ஒரு விம்மல் எழுந்தது. இப்படியொரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று யாரோ சொன்னார்கள். பற்றிக்கின் மனைவி யோசெப்பின், செலீனின் தோளைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். செலீனுக்கே அந்தக் கணத்தில் மனம் இளகியது. இரண்டு நாளாக வராத கண்ணீர் வந்தது. சொல்லவேண்டியதை வாயால் சொல்ல முடியாமல் இந்த மனிதர் இப்படிச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தாள். ஓம் என்று தலையை ஆட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. இரும்புக்கூட்டைச் சுற்றி வெள்ளைத் துணியும் ஊதா ரிபனும் கட்டி, பின்பெட்டியில் வெள்ளை விரித்து, தென்னங்குருத்து தொங்கவிட்டிருந்தார்கள். புது டிரைவர் வலன்ரைன் அதை ஒழுங்கைக்குள் பின்பக்கமாகவே எடுத்து வந்து வீட்டு வாசலுக்கு எதிரே நிறுத்தினான். ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்தவன். கறுப்புப் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரியாத ஒருவனின் சாவுக்கு முடிந்த அளவு துக்கத்தோடு நின்றான்.

பஞ்சிகாவத்தைக் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஷிப்லி வந்தது அதற்குப் பிறகுதான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார். பிறகு செலீனின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். முகத்தில் ஒரு கலவரம் இருந்தது.

"அக்கா, குறை நினைக்க வாணாம். நான் குடுத்த பார் கம்பி வண்டிக்குக் கீழ ஈக்குதே. அது ஈந்துமா வண்டி சரிஞ்சது? நான் நல்ல சாமான் எண்டு நம்பித்தான் குடுத்த."

செலீனுக்கு முதலில் விளங்கவில்லை. அது வண்டிக்குப் போடவேயில்லை, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லும்போதே நேற்று பெட்டி வைப்பதற்காக அறையை ஒதுக்கியது ஞாபகம் வந்தது. கட்டிலைத் தூக்கியபோது கீழே வெறுந்தரை. ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாள்களில் அவள் அங்கே கூட்டியதேயில்லை. யாரோ கூட்டுவதற்காக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

வாசலை நோக்கித் திரும்பிப் பார்த்தாள். கதிரையில் இருந்தபடியே பார்த்தால் கதவின் கீழ்ப்பாதி தெரிந்தது. அதற்கு அப்பால் வண்டியின் பின் சில்லுகள். சில்லுகளுக்கு நடுவே, எண்ணெயும் புழுதியும் ஏறிய கறுப்பு இரும்புகளுக்குள்ளே, வளைந்த ஒரு கம்பி. கதவும் அதுவும் ஒரே பச்சை.

கொன்ஸ்ரன்ஸைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். கட்டிலுக்குக் கீழே இருந்த அப்பாவின் கம்பி எங்கே என்று கேட்டாள்.

"பெரியப்பா ஆள் அனுப்பிக் கேட்டவர். நீங்க ஆஸ்பத்திரியில. குடுத்திட்டன்." அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குத்தானாக்கும் எண்டு நினைச்சன்" என்றாள்.

செலீன் ஷிப்லியைப் பார்த்து, வண்டி சரிந்த நாளில் அது அங்கே இருக்கவில்லை, உங்கள் சாமானில் பிழையில்லை என்று மட்டும் சொன்னாள். ஷிப்லி வண்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். வாகனச் சாமானோடு காலம் தள்ளியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

செலீன் மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். ஈ திரும்பி வந்து ஹியூபேட்டின் நெற்றியில் உட்கார்ந்திருந்தது. கேட்டபோது கிடைக்காத கம்பி. தன் காசில் வாங்கிவந்து, பெயின்ர் அடித்து, அண்ணனுடைய சிரித்த முகத்துக்காகக் காத்திருந்த கம்பி. அவன் கட்டிலில் கிடந்து அதற்கு ஈரம் படக்கூடாதென்று கவலைப்பட்ட நாள்களில், அது ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டது. சேசிஸில் துளையும் விழுந்துவிட்டது. அந்த மனிதர் அதற்குப் பிறகும் தோடம்பழத்தோடு வந்து பக்கத்தில் இருந்தாரே என்று நினைத்தபோது, கொஞ்ச நேரத்துக்கு முன் அழுத கண்ணீரைத் திருப்பி எடுக்க முடியாதா என்றிருந்தது அவளுக்கு.

பாதர் வந்தார். ஜெபம் முடிந்தது. தீர்த்தம் தெளித்தார்கள். பெட்டியை மூடுகிற நேரம் வந்தபோது எல்லோரும் செலீனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவள் விழுந்து புரளப்போகிறாள் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும். அவள் லேஞ்சியால் கடைசியாக ஒருமுறை ஈயை விரட்டினாள். மூடுங்கள் என்றாள். பிடித்திருந்தவர்களின் கைகளை விலக்கிவிட்டு, பெட்டிக்கு முன்னால் நடந்து வாசலுக்கு வந்தாள்.

வலன்ரைன் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு நின்றான். பற்றிக் மலர்வளையங்களைக் கூட்டின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஒழுங்கை நிறைய ஆட்கள் நின்றார்கள்.

"தம்பி," என்றாள் செலீன், வலன்ரைனைப் பார்த்து. "இந்த வண்டி வளைவில சரியுமோ?"

பெட்டியைப் பற்றித்தான் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்தான். அவளைத் தேற்றுகிற நல்ல எண்ணத்தோடு பதில் சொன்னான்.

"ஒரு சொட்டும் சரியாது அக்கா. பயப்படாதீங்க. முந்தித்தான் சரியுமாம். நான் வேலைக்கு வரக்குள்ளேயே முதலாளிக்குச் சொன்னனான், பின்னுக்குப் பார் கம்பி போட்டாத்தான் ஓடுவன் எண்டு. அடுத்த நாளே போட்டுத் தந்திட்டார்."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். முதலாளியைப் புகழ்வதாகவும் நினைத்திருப்பான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பார்க்கவில்லை, பற்றிக்கைப் பார்த்தார்கள். பற்றிக்கின் கையிலிருந்த மலர்வளையம் நேராகத் தொங்க மறுத்து ஒரு பக்கமாகச் சுழன்றது. பெட்டியைத் தூக்கியவர்கள் வாசற்படியில் வந்து, வழி இல்லாமல் பாரத்தோடு நின்றார்கள்.

"செலீன், இப்ப எதுக்கு இந்தக் கதை" என்றார் பற்றிக், தாழ்ந்த குரலில். "வண்டி திருத்தக்குள்ள கராஜ் பாஸ் போடச் சொன்னவர். சும்மா கிடந்த சாமான்தானே."

"ஓம், அண்ணன். சும்மாதான் கிடந்தது."

யோசெப்பின் ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்து, அவளுக்கு மனம் சரியில்லை, யாராவது உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ஒருவரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. காலையிலிருந்து உச்சுக் கொட்டியவர்களில் ஒருவர் மெதுவாகத் தன் கையைப் பற்றிக்கின் தோளிலிருந்து எடுத்தார். வலன்ரைனுக்கு அப்போதுதான் ஏதோ விளங்கத் தொடங்கியது. வண்டியின் பின்கதவை ஏற்றுவதா இறக்கியபடி விடுவதா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பற்றிக் தொண்டையைச் செருமினார். மலர்ச்சாலைக்கு ஒரு கோல் எடுத்தால் அவர்களுடைய வண்டி வந்துவிடும், உனக்கு விருப்பமில்லையென்றால் அதிலேயே கொண்டுபோவோம் என்றார். அந்தக் குரலில் இப்போது மெருகு இருக்கவில்லை.

"வேண்டாம்," என்றாள் செலீன். "இதிலயே ஏத்துங்க. அவர் தன்ர காசில வாங்கின சாமான். அவர் ஒருநாளும் அதில போகேல்ல."

ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். பெட்டியை வெள்ளை விரிப்பில் வைத்துத் தள்ளினார்கள். அண்ணன் என்ற முறையில் தலைமாட்டைப் பிடித்திருக்கவேண்டிய பற்றிக், இரண்டு கையிலும் மலர்வளையத்தோடு சுவரோரம் நின்றார். யாரும் அதை அவரிடமிருந்து வாங்கவில்லை, தலைமாட்டுக்கு வரும்படி கூப்பிடவும் இல்லை. ஷிப்லிதான் வந்து அந்த மூலைக்குத் தோள் கொடுத்தார்.

வண்டி புறப்பட்டது. செலீன் கொன்ஸ்ரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தாள். எல்லோரும் மேலே, பெட்டியையும் பூக்களையும் பார்த்து நடந்தார்கள். அவள் மட்டும் கீழே பார்த்து நடந்தாள். சில்லு குழியில் இறங்கும்போது பச்சைக் கம்பி லேசாக முறுகி, மறுபடி தன் நிலைக்கு வந்தது. பெயின்ர் நன்றாகப் பிடித்திருந்தது. ஹியூபேட் இரண்டு கோட் அடித்தான். முதற்கோட் காயும்வரை விசிறி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான்.

முடக்கில் பலசரக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நின்றார். அவரோடு இன்னும் சிலர், கீறல் விழுந்த சுவரில் சாய்ந்தபடி நின்றார்கள். வண்டி ஜம்பட்டா வீதியில் ஏறுவதற்குத் திரும்பியபோது, அவர்கள் பழக்கத்தில் சுவரை விட்டு ஒதுங்கினார்கள்.

ஒதுங்கவேண்டியிருக்கவில்லை. வண்டி நேராக நிமிர்ந்தபடியே திரும்பி, சுவரைத் தொடாமல் போனது.